விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது

பொழிச்சலூரில் யாரும் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிப்பதில்லை. பாதியில் விமானம் வந்துவிடும். மொட்டைமாடிக் கொடியில் காயும் லுங்கியை உரசிவிடுமோ என்கிற உயரத்தில் தலைக்கு மேல் இறங்கும். பேசுகிறவர் வாயைத் திறந்தபடி நிற்பார், கேட்கிறவரும் அப்படியே நிற்பார். சத்தம் மீனம்பாக்கம் பக்கம் போய்ச் சேர்ந்ததும், விட்ட சொல்லிலிருந்து பேச்சு தொடரும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது பழக்கம். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எல்லாம் அதில்தான் வந்தது.

இரண்டாயிரத்து ஐந்து, மே மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம் ஒன்றேமுக்காலுக்கு என் ஸ்கூட்டர் அந்த ஊருக்குள் நுழைந்தது. பேய்க்கதை சொல்கிறவர்கள் அமாவாசை, சுடுகாடு, நாய் ஊளை என்று சரக்கை முதலிலேயே கடை பரப்பிவிடுவார்கள். என்னிடம் அந்தச் சரக்கு இல்லை. தார் இளகிச் சக்கரத்தில் ஒட்டுகிற வெயில்தான் இருந்தது. அவ்வளவு வெளிச்சத்தில்தான் அது நடந்தது. இருட்டில் நடந்திருந்தால் கண்ணைக் குறை சொல்லித் தப்பித்திருப்பேன். அந்த வாய்ப்பையும் தராமல் போனானே என்று இன்றும் எரிச்சல் வருகிறது.

என் பெயர் ஜெயவேலு. அப்பாவுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பாத்திரக்கடை. வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்று சொல்லி வளர்த்தார். கால் வாசல் பக்கம் திரும்பியிருந்தால் விலையைக் குறை, உள்பக்கம் திரும்பியிருந்தால் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதே. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு மாடியில், பத்துக்குப் பத்து அறையில் கம்ப்யூட்டர் கடை போட்டேன். கவுண்டருக்குப் பின்னால் அப்பா கடையிலிருந்து கழற்றி வந்த போர்டு: ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.’

செவ்வாய்க்கிழமை மோகன்ராஜ் என்று ஒருவர் படியேறி வந்தார். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் இரும்புத் தகட்டை அடித்து வடிவம் கொடுக்கிற ஒரு பிரஸ் கம்பெனியில் மேனேஜர்.

“நம்ம ஒர்க்கர் ஒருத்தர் மார்ச்ல தவறிட்டார். பாவம், ஒய்ஃப் தனியா இருக்காங்க. வீட்ல ஒரு சிஸ்டம் இருக்கு. ஏதோ லினக்ஸ் போட்டு வெச்சிருக்கார், அவங்களுக்கு ஒண்ணும் புரியலை. ஃபுல்லா அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுக் குடுங்க. ஃபுல்லா. கம்பெனி செலவு.”

“தாராளமா சார்.”

“எங்க ஆபீஸ்லயும் பன்னிரண்டு சிஸ்டம் இருக்கு. சர்வீஸ் யாருக்குக் குடுக்கலாம்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்.” படியிறங்கும்போது திரும்பினார். “ஃபுல்லா, என்ன?”

ஒருவர் ஒரே சொல்லை மூன்று முறை சொன்னால் அந்தச் சொல்லுக்குள்தான் விவகாரம் இருக்கிறது. இது எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். செத்துப்போன தொழிலாளியின் வீட்டுக் கம்ப்யூட்டர் மேல் எந்த மேனேஜருக்கும் இப்படிப் பாசம் பொங்காது என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துதான் தலையை ஆட்டினேன். பன்னிரண்டு சிஸ்டம்.

அந்த வீடு ஒரு சந்தின் கடைசியில், பின்கட்டில் இருந்த ஒற்றை அறை. கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். பெயர் ஜோதிலட்சுமி. “கம்பெனிலேர்ந்து அனுப்பிச்சாங்களா? வாங்கண்ணா” என்று சொல்லி, இரும்பு மேசை மேலிருந்த கம்ப்யூட்டரின் மேல் போர்த்தியிருந்த பழைய புடவைத் துணியை மடித்து எடுத்தாள்.

பெட்டியின் பக்கவாட்டில் என் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

அப்போதுதான் ஆள் ஞாபகத்துக்கு வந்தான். இளமாறன். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் கடைக்கு வந்தவன். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “சிடி டிரைவ் புதுசா சார், பழசா?” என்று மட்டும் கேட்டான். புதுசு என்றேன். பழசு. பெட்ரோலில் துடைத்து ஸ்டிக்கர் ஒட்டியது. அதன் தட்டு பாதியில் சிக்கிக்கொள்ளும். மூன்று தடவை மாற்றித் தரச் சொல்லி வந்தான். மூன்று தடவையும் வாயைத் திறக்காமல் விரலால் போர்டைக் காட்டினேன். கடைசித் தடவை அவன் போர்டை நிதானமாகப் படித்தான்.

“பரவால்ல சார். ஒரு நாள் எடுத்துப்பீங்க” என்றான். சிரித்தபடிதான் சொன்னான்.

வேலையைத் தொடங்கினேன். விண்டோஸ் சிடியைப் போட்டு, டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று காட்டும் நீலத்திரைக்கு வந்தேன். அங்கே ஒரே ஒரு வரி. ‘அன்னோன் பார்ட்டிஷன்.’ இன்னதென்று தெரியாத பகுதி. லினக்ஸ் போட்ட டிஸ்க்கை விண்டோஸ் சிடி அப்படித்தான் காட்டும், அதற்கு அந்த மொழி தெரியாது. எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கும் தெரியாது. ஆகையால் தெரியாதது என்றால் காலி என்று நாங்களே ஒரு அகராதி வைத்திருந்தோம். காலியைத் தட்டித் தூக்கிவிட்டு விண்டோஸ் போடுவோம். ஊரெல்லாம் அதுதான் வைத்தியம்.

வாய்ப்பழக்கமாகக் கேட்டேன். “உள்ளே ஏதாவது வேணுமாம்மா?”

“உள்ள இருக்கிறது...”

விமானம் வந்தது.

அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நான் காத்திருக்கவில்லை. டி என்ற எழுத்தைத் தட்டினேன். நிச்சயம்தானா என்று திரை கேட்டது. எல் தட்டினேன். வரி மறைந்தது. புதிதாக ஒரு பகுதி உண்டாக்கி, ஃபார்மேட் ஓடவிட்டேன். எல்லாம் ஒரு விமானம் கடக்கிற நேரத்தில்.

சத்தம் அடங்கியது. அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

“...எல்லாமே வேணும்ணா. அவரு தெனம் ஷிப்ட் முடிஞ்சு வந்து உக்காந்து எழுதுவாரு. போட்டோல்லாம் புடிச்சு அதுலதான் போட்டு வெச்சிருக்காரு. பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. நீங்க தொறந்து மட்டும் குடுங்க. திங்கக்கெழம விசாரணை.”

“என்ன விசாரணை?”

“பிரஸ்ல ஒரு தடுப்பு கீதுல்ல? அது மூடினாதான் மிசின் எறங்கும். அத இவருதான் செம்புக்கம்பியப் போட்டுக் கட்டிவுட்டாராம். வேகமா அடிக்கணும்னு. அதுனால அவருமேலயே தப்பாம். கம்பெனி எழுதிக் குடுத்துக்கீது.” குரல் தணிவாக இருந்தது. ஆனால் கழுத்து நரம்பு துடித்தது. “கட்டச் சொன்னது யாருன்னு எல்லாம் கம்ப்யூட்டர்ல வெச்சிருக்கேன்னு என்கிட்டச் சொன்னாரு. அந்த மேனேஜர் கைலயும் சொல்லிட்டு வந்துட்டாரு. மூணா நாளு செத்துப்பூட்டாரு. எனக்கு வேற எதுவும் வேணாம்ணா. அவரு மேல தப்பில்லன்னு ஒரு காயிதத்துல எழுதணும். அவ்ளோதான்.”

திரையில் ஃபார்மேட் ஒரு சதவீதம்.

“ஒண்ணும் இல்லைம்மா” என்றேன். “காலியாத்தான் இருந்தது. வைரஸ் தின்னுட்டிருக்கும்.”

அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். நான் அவள் கால்களைப் பார்த்தேன். எந்தப் பக்கமும் திரும்பாமல் தரையில் ஊன்றியிருந்தன. அந்த மாதிரிக் கால்களுக்கு அப்பா எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டு சதவீதம்.

மூன்று.

அங்கே நின்றது.

நேரம் இரண்டு இருபது. சிடி டிரைவின் தட்டு தானாக வெளியே வந்தது. பாதியில் சிக்கி, ஒரு முனகலோடு முழுவதும் நீண்டது. பழைய வியாதி என்று நினைத்து உள்ளே தள்ளினேன். மனதுக்குள் நான்கு எண்ணுவதற்குள் மறுபடி வெளியே வந்தது. தள்ளினேன். வந்தது. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். மெமரி கார்டைக் கழற்றி, அழிக்கும் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். எந்தக் கோளாறுக்கும் நாங்கள் அதைச் செய்வோம், விபூதி பூசுவது மாதிரி. ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அந்த டிரைவையே கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, பையிலிருந்த புது டிரைவை மாட்டி, சிடியைப் போட்டு, சுவிட்சைத் தட்டினேன்.

நீலத்திரை வரவில்லை. கறுப்பில் ஒரே ஒரு வரி வந்தது.

இளமாறன் லாகின்.

பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, மினுக் மினுக்கென்று.

அவன் போட்ட லினக்ஸ், உள்ளே விடுவதற்கு முன் ஆள் பெயர் கேட்கிற வரி. அழித்த பிறகு அது வர வழியே இல்லை. ஒரு வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பெயர்ப்பலகை மட்டும் அந்தரத்தில் தொங்கினால் எப்படி இருக்கும், அப்படி. இன்னொரு முறை அணைத்துப் போட்டேன். அதே வரி. சிடியை எடுத்துவிட்டுப் போட்டேன். அதே வரி. சிடியை மறுபடி உள்ளே தள்ளினேன்.

அப்போது வாசனை வந்தது. சூடான இரும்பு, கருகிய எண்ணெய். அந்த அறையில் ஸ்டவ்கூட எரியவில்லை.

தட்.

காதால் கேட்டதைவிடக் குதிகாலால் கேட்டேன். தரைக்கு அடியிலிருந்து வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

தட்.

“பக்கத்துல ஏதாவது பட்டறை இருக்கா?” என்றேன்.

ஜோதிலட்சுமி சுவரில் சாய்ந்துகொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. “நாலாம் நம்பர் பிரஸ்ஸு.”

“என்ன?”

“நாலு செகண்டுக்கு ஒரு தபா. அவருக்குக் கை அதுலயே பழகிப்போச்சு. சோறு துன்னும்போது தட்டுல வெரலால அதேதான் தட்டிகினு இருப்பாரு.”

விமானம் ஒன்று தாழ இறங்கியது. பாத்திரமெல்லாம் அதிர்ந்தன. அவ்வளவு இரைச்சலுக்குள்ளும் அது தெளிவாகக் கேட்டது.

தட்.

என் செல் அடித்தது. மோகன்ராஜ்.

“முடிஞ்சுதா? ஃபுல்லா?”

“சிடி எடுக்கலை சார். கொஞ்சம்...”

“அப்ப அந்த ஹார்ட் டிஸ்க்கையே கழட்டி எடுத்துட்டு வந்துடு. புதுசு ஒண்ணு மாட்டிக்கலாம். வேணாம், நீ இரு. நானே வரேன்.” திடீரென்று நிறுத்தினார். “அங்க என்னய்யா சத்தம்?”

நான் பதில் சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. அதே நொடியில் கரண்டும் போனது. மின்விசிறி மெல்லச் சுழன்று நின்றது. தெருவில் எங்கோ ஒரு கிரைண்டர் ஓய்ந்தது.

திரை அணையவில்லை.

யு.பி.எஸ். இருக்கும் என்று குனிந்து பார்த்தேன். இல்லை. ஒயர் நேராகச் சுவருக்குத்தான் போனது. பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

இளமாறன் லாகின். மினுக் மினுக்.

தட்.

பயம் வந்தால் ஒவ்வொருவனும் தனக்குத் தெரிந்ததைச் செய்வான். எனக்குத் தெரிந்தது பேரம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கையில் பிளக்கைப் பிடித்தபடி, வியர்வை வழிய, ஒரு கம்ப்யூட்டரிடம் பேரம் பேசினேன்.

“இளமாறா. டிரைவ் மாத்திட்டேன் பாரு. புதுசு. நிஜமாவே புதுசு.”

தட்.

“விண்டோஸ் போடலை. சரியா? விட்டுட்டேன்.”

தட்.

“சரி, நான் கிளம்பறேன். எனக்கும் உனக்கும் ஒண்ணுமில்லை.”

கடையை விட்டு இறங்குவது போல் இரண்டு எட்டு வைத்தால் எதிராளி கூப்பிடுவான். அதுதான் சந்தை வழக்கம். வாசலை நோக்கி இரண்டு எட்டு வைத்தேன்.

சத்தம் நின்றது.

பின்னால் புது டிரைவின் தட்டு சிக்காமல் வழுக்கி வெளியே வரும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். என் விண்டோஸ் சிடி வெயிலில் பளபளத்தது. எடுத்துக்கொண்டு போ என்கிறான் என்று நினைத்தேன். பேரம் படிந்துவிட்டது என்றே நினைத்தேன். அவ்வளவு அறிவு எனக்கு.

கையை நீட்டி, சிடியின் நடு ஓட்டையில் விரலை வைத்தேன்.

எடுக்க முடியவில்லை.

சிடியை அல்ல. கையை.

யாரும் பிடிக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் வெறும் பிளாஸ்டிக் தட்டும் என் வலது கையும்தான். ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே அந்தக் கை என்னுடையதாக இல்லை. கைக்கு மேலிருந்த காற்று கனத்தது. லாரி நிற்கிற பள்ளத்துக்குள் படுத்திருப்பவனுக்கு மேலே இருப்பதைப் போல, பார்க்காமலே தெரிகிற ஒரு கனம்.

அது இறங்கியது.

புறங்கை மயிரெல்லாம் படுத்தன. தோலுக்கு ஒரு நூல் உயரத்தில் நின்றது. மேலே ஏறியது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

மறுபடி இறங்கியது. இந்த முறை நகங்கள் வெளுத்தன.

“அண்ணா, கைய எடுங்க” என்றாள் அவள் கிசுகிசுப்பாக.

“முடியலை.”

ஒன்று. இரண்டு.

அவன் என்ன விலை கேட்கிறான் என்பது அப்போதுதான் புரிந்தது. அவன் தனக்காக எதையும் கேட்கவே இல்லை. நான்தான் தவறான ஆளிடம் பேசிக்கொண்டிருந்தேன். கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தேன்.

“நான் பொய் சொன்னேம்மா. காலியா இல்லை. நீ பேசி முடிக்கறதுக்குள்ள நான்தான் அழிச்சேன். மோகன்ராஜ் அழிக்கச் சொல்லித்தான் என்னை அனுப்பினார். எதுக்குன்னு நான் கேக்கலை. கேக்காம இருந்தா வேலை கிடைக்கும்னு கேக்கலை.”

கனம் அப்படியே நின்றது. மூச்சு விடுகிற நேரம்.

கை விடுபட்டது. நான் பின்னால் தரையில் விழுந்தேன். திரை அணைந்தது. மின்விசிறி சுற்றத் தொடங்கியது. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு நாற்பது.

அவன் செத்ததும் அதே நேரத்தில்தான் என்று பிறகு தெரிந்தது. சிக்கிய தகட்டை எடுக்க உள்ளே குனிந்திருக்கிறான்.

ஜோதிலட்சுமி என்னைத் தூக்கிவிடவில்லை. என் தலைமாட்டில் வந்து நின்றாள். பேச்சில் ‘அண்ணா’ போய்விட்டது.

“நீ இன்னா மனுசன்யா? ஒரு வார்த்த முடியறதுக்குள்ள இன்னாய்யா அவசரம் உனக்கு? அந்த மேனேஜரு அவர உசுரோட ஒரு தபா அழிச்சான், நீ வந்து இன்னொரு தபா அழிக்கிறியா? பெரிய மெக்கானிக்கு. எழுந்து உக்காரு. இதுக்கு வழி தெரிஞ்சவன் எவனாவது உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

தெரியும். பிரிட்டோ. குரோம்பேட்டையில் ஒரு கல்லூரி லேபில் லினக்ஸே கதி என்று கிடப்பவன். விண்டோஸ் போட்டே பிழைக்கிறவன் என்று அவன் என்னையும், சோற்றுக்கு ஆகாத ஞானி என்று நான் அவனையும் கிண்டல் செய்துகொள்வோம். போன் போட்டேன்.

“மச்சான், நீ அழிச்சது டிஸ்க்க இல்ல, அதோட அட்டவணைய” என்றான் அவன். “சாமான்லாம் உள்ளயே கீது. மேல புதுசா எதுவும் எழுதிட்டியா?”

“ஃபார்மேட் மூணு பர்சன்ட்ல நின்னுடுச்சு.”

“நின்னுச்சா? எப்பிடி நின்னுச்சு?”

“நீ முதல்ல வா.”

“முழுசா ஓடியிருந்தா விண்டோஸ் மேல வந்து குந்தியிருக்கும், கத முடிஞ்சிருக்கும். எவனோ நல்லவன் நிறுத்திக்கீறான். தொடாத. வரேன்.”

அவனுக்கு முன்னால் மோகன்ராஜ் வந்துவிட்டார். சந்து முனையில் காரை விட்டுவிட்டு, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி உள்ளே வந்தார். அவர் கால்களைப் பார்த்தேன். நேராக மேசையை நோக்கி வந்தன.

“என்னம்மா, இன்னும் சரியாகலையா? பரவாயில்லை, கம்பெனில வெச்சுப் பாத்துக்கலாம். ஜெயவேலு, டிஸ்க்கைக் கழட்டு.”

“முடியாது சார்” என்றேன். என் குரல்தான், எனக்கே நம்பிக்கை வரவில்லை.

“பன்னிரண்டு சிஸ்டம், ஞாபகம் இருக்கா?”

“வேற ஆளைப் பாருங்க.”

ஜோதிலட்சுமி மேசைக்கும் அவருக்கும் நடுவில் வந்தாள். “கம்பி கட்டச் சொன்னது நீ. கட்டாதவனுக்கு ஓவர்டைம் கெடையாதுன்னது நீ. செத்தப்புறம் மாலையத் தூக்கினு மொத ஆளா வந்ததும் நீ. இப்ப இதையும் எடுக்க வந்துட்டியா?”

“வார்த்தையைப் பாத்துப் பேசும்மா. நீ துக்கத்துல இருக்கே, அதனால பொறுத்துக்கறேன்.” அவளை ஒதுக்கிவிட்டுப் பெட்டியின் மேல் வலது கையை வைத்தார்.

தட்.

அவர் முகம் வெளிறியதைப் பார்த்தேன். எனக்கு அந்தச் சத்தம் புதிது. அவர் பதினைந்து வருடம் அதைக் கேட்டுச் சம்பளம் வாங்கியவர்.

“யாரு ஓட்டறது?” என்றார் மெல்ல. “நாலாம் நம்பரை சீல் வெச்சிருக்கே. யாரு ஓட்டறது?”



விமானம் வந்தது. அறை அதிர்ந்தது. அவர் வாய் திறந்திருந்தது, கண் திறந்திருந்தது, கை பெட்டி மேலேயே இருந்தது. அவர் அலறினாரா என்று எனக்குத் தெரியாது. விமானம் போகும்வரை எதுவும் கேட்காது.

போனதும் கேட்டது. அலறல் இல்லை. சின்னக் குழந்தை விசும்புவது போல ஒரு மூச்சு. வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பிடித்தபடி வெளியேறினார். கையில் ஒரு கீறல்கூட இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன்.

பிரிட்டோ வந்து, டிஸ்க்கில் இருந்ததைத் தொடாமல் சிடியிலிருந்தே ஓடுகிற லினக்ஸைப் போட்டு, முக்கால் மணி நேரத்தில் அட்டவணையைத் திரும்ப எழுதினான். எல்லாம் இருந்தது. நாள் தவறாமல் எழுதிய குறிப்புகள், யாரிடமோ இரவல் வாங்கிய கேமராவில் எடுத்த படங்கள். தடுப்பின் சுவிட்சில் முறுக்கிய செம்புக்கம்பி. பக்கத்தில் ஷிப்ட் நோட்டு, ‘தடுப்பை நீக்கி ஓட்டவும்’ என்ற வரி, அதன் கீழே மோகன்ராஜின் கையெழுத்து.

ஜோதிலட்சுமி திரையைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதும் அழவில்லை. “நாலு காப்பி போடு” என்றாள் பிரிட்டோவிடம். “இந்தாளாண்ட ஒண்ணும் குடுக்காத.”

திங்கட்கிழமை விசாரணையில் நானும் சாட்சி சொன்னேன். அழிக்கச் சொல்லி அனுப்பியதைச் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. இறந்தவர் மேல் தவறில்லை என்று எழுதினார்கள். அவள் அந்தக் காகிதத்தை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். மோகன்ராஜ் தன் வாக்குமூலத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். வலது கையில் மூன்று விரல்களுக்கு உணர்ச்சி இல்லையாம். டாக்டர்களுக்குக் காரணம் தெரியவில்லையாம்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை கடை ஷட்டரைத் தூக்கினேன். பூட்டு, நான் பூட்டிய மாதிரியே இருந்தது. கவுண்டர் மேல், போர்டுக்கு நேர் கீழே, அந்தப் பழைய சிடி டிரைவ் இருந்தது. நான் அங்கே கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, பயத்தில் மறந்து வந்தது. என் ஸ்டிக்கர் மேல் கிரீஸ் படிந்த பெருவிரல் ரேகை ஒன்று, இன்னும் ஈரமாக.

ஜோதிலட்சுமிக்குப் போன் செய்தேன்.

“அது அன்னிக்கு சாயங்காலமே காணோம்” என்றாள். “நீதான் எடுத்துனு போனன்னு நெனச்சேன். உன் வழக்கம்தானே.”

போர்டைக் கழற்றிவிட்டேன். டிரைவைத் தூக்கிப் போடத் துணிவில்லை, பின் அலமாரியில் வைத்தேன். அதற்கு ஒயர் கிடையாது, கரண்ட் கிடையாது. தினமும் மதியம் இரண்டு நாற்பதுக்குத் தட்டு வெளியே வரும். நான்கு எண்ணுவேன். உள்ளே போய்விடும். அவன் உயிரோடு இருந்தபோது ஒரு நாள்கூடச் சிக்காமல் திறக்காத தட்டு, இப்போது ஒரு முறைகூடச் சிக்குவதில்லை. அந்த நேரத்தில் கடையில் யார் பேசிக்கொண்டிருந்தாலும், அவர் வாக்கியம் முடிகிறவரை நான் எந்த விசையையும் தொடுவதில்லை. எனக்கும் அதற்கும் அப்படி ஓர் ஒப்பந்தம் என்று நினைத்திருந்தேன்.

நேற்று இரண்டு நாற்பதுக்குத் திறந்தது.

நான்கு எண்ணினேன்.

நாற்பது எண்ணினேன்.

இதை எழுதுகிற இந்த மதியம் வரை மூடவில்லை. கருகிய எண்ணெய் வாசனை வருகிறது. என் வலது கை மேசை மேல் இருக்கிறது, எடுக்க முடியவில்லை. இடது கையால் எழுதுகிறேன். ஜன்னல் காற்றுகூட இல்லை. புறங்கை மயிரெல்லாம் படுத்திருக்கின்றன.